ஐம்பது குவார்டெட்டுகள், காசு வேண்டாம்: க்ரோனோஸின் ஸ்கோர் நூலகம் பற்றி

புதிதாக எழுதப்படும் ஒரு ஸ்ட்ரிங் குவார்டெட்டின் ஆயுள் பெரும்பாலும் ஒரு மாலைதான். யாரோ பணம் போட்டு எழுத வைக்கிறார்கள். இரண்டு வயலின், ஒரு வியோலா, ஒரு செல்லோ என்று நால்வர் உட்கார்ந்து ஒத்திகை பார்த்து அரங்கேற்றுகிறார்கள். கைதட்டல் ஓய்ந்ததும் தாள்கள் அலமாரிக்குப் போய்விடும். வேறு ஊரில் இன்னொரு குழு அதை வாசிக்க ஆசைப்பட்டால் தாள் எங்கே கிடைக்கும் என்றே தெரியாது. தெரிந்தாலும் பதிப்பகத்திடம் விலைக்கோ வாடகைக்கோ எடுக்க வேண்டும். கல்லூரிப் பிள்ளைகள் நாலு பேர் அந்தச் செலவைக் கணக்குப் பார்த்துவிட்டு, பதினெட்டாம் நூற்றாண்டு ஹைடனுக்கே திரும்பிவிடுவார்கள்.

இந்த முட்டுக்கட்டையை உடைக்க க்ரோனோஸ் குவார்டெட் என்ற அமெரிக்க நால்வர் குழு செய்த வேலைதான் 'ஃபிஃப்டி ஃபார் த ஃபியூச்சர்'. 2015-இல் அறிவிக்கப்பட்டது. முதன்மைப் பங்காளி நியூயார்க்கின் கார்னகி ஹால் இசையரங்கம். ஆண்டுக்கு 10 பேர், அதில் 5 பெண்கள், 5 ஆண்கள் என்ற கணக்கில் மொத்தம் 50 படைப்புகளை எழுத வைத்தார்கள். ஒவ்வொன்றுக்கும் முழு ஸ்கோர் (நால்வர் வாசிப்பதும் சேர்ந்த தாள்), நால்வருக்குமான தனித்தனி பார்ட்டுகள் (அவரவர் வாசிப்பது மட்டும் உள்ள தாள்), க்ரோனோஸே வாசித்த ஒலிப்பதிவு, படைப்பு பற்றிய குறிப்பு, எழுதியவருடன் பேட்டி எல்லாம் இணையத்தில் காசில்லாமல் கிடைக்கின்றன. ஒரு பொருளாகப் பார்த்தால் இது நூலகம். ஒரு படைப்பை எழுத வைக்கும் வேலையை எப்படிச் செய்ய வேண்டும் என்று கற்க விரும்புகிறவருக்கு இதைவிட நல்ல பாடநூல் இப்போது கிடையாது. இரண்டு கோணத்திலும் இங்கே பார்க்கலாம்.

ஒரு சொல் விளக்கம். ஆங்கிலத்தில் இந்த ஏற்பாட்டுக்குக் 'கமிஷன்' என்று பெயர். நம்மிடம் அந்தச் சொல் தரகுக் காசுக்குப் போய்விட்டதால் 'எழுத வைப்பது' என்றே இங்கே சொல்கிறோம். புலவரைப் புரவலர் ஆதரித்த வழக்கத்தோடு இதற்கு உறவு உண்டு. ஆனால் இதில் நாள், நிமிடம், தொகை, உரிமை எல்லாம் கையெழுத்துப் போட்ட கடிதத்தில் இருக்கும்.

க்ரோனோஸுக்கு இது திடீரென்று உதித்த யோசனை இல்லை. டேவிட் ஹாரிங்டன் 1973-இல் சியாட்டிலில் குழுவைத் தொடங்கியபோது கென் பென்ஷூஃப் என்பவரை எழுத வைத்தார். அதற்குக் கொடுத்த கூலி ஒரு பை டோனட். அதன்பின் அந்தக் குழு எழுத வைத்தவையும் மாற்றியமைக்கச் செய்தவையும் ஆயிரத்தைத் தாண்டிவிட்டன. அதே பென்ஷூஃப் இந்த 50 பேரிலும் இருக்கிறார். ஒருவரிடம் ஒரு முறை வாங்கிக்கொண்டு போய்விடாமல் பல ஆண்டுகள் கழித்தும் திரும்பி வருவதுதான் இந்தத் தொழிலில் ஆரோக்கியமான உறவு.

பதிவிறக்கிய உடனே பிரிண்ட் போடக் கூடாது. முதலில் ஒலிப்பதிவைக் கையில் ஸ்கோரோடு ஒரு முறை முழுக்கக் கேளுங்கள். பிறகு குறிப்புப் பக்கத்தைப் படியுங்கள். சமகாலப் படைப்புகளில் ஒரே அடையாளம் இசை எழுதும் இரண்டு பேரிடம் இரண்டு அர்த்தம் தரும். முக்கோணத் தலை போட்ட ஸ்வரம் ஒருவருக்கு 'முடிந்தவரை உச்சம்', இன்னொருவருக்கு வேறு ஏதாவது. குறிப்புப் பக்கத்தை நால்வருக்கும் நகல் எடுத்து பார்ட்டோடு சேர்த்துப் பின் அடிக்க வேண்டும். முதல் வயலின்காரரிடம் மட்டும் அது இருந்தால் ஒத்திகையில் பாதி நேரம் அவர் வாத்தியார் ஆகிவிடுவார்.

பிரிண்ட் விஷயத்தில்தான் நம்மூர்க்காரர்கள் அதிகம் வழுக்குகிறார்கள். அமெரிக்கத் தாள் அளவு வேறு. பிடிஎஃப் கோப்பின் பண்புகளில் பக்க அளவைப் பாருங்கள். 8.5×11 அங்குலம் என்றால் ஏ4-இல் பெரிய இழப்பில்லாமல் அடங்கும். இசைத்தாளுக்கு வழக்கமான 9×12 அங்குலம் என்றால், ஏ4-க்குள் அடக்கும்போது எல்லாம் சுமார் 92 சதவீதமாகச் சுருங்கும். ஐந்து கோடுகளின் மொத்த உயரம் 7.5 மி.மீ. இருந்தது 7 மி.மீ.க்குக் கீழே இறங்கிவிடும். ஸ்டாண்டு நிற்கும் தூரத்திலிருந்து, மேடை வெளிச்சத்தில், 7-க்குக் கீழே படிப்பது கண்ணுக்குத் தண்டனை. வழி எளிது: ஜெராக்ஸ் கடையில் ஏ3 தாளில் 'ஆக்சுவல் சைஸ்' என்று எடுத்து ஓரத்தை வெட்டிக்கொள்ளுங்கள். 'ஃபிட் டு பேஜ்' கட்டத்தில் டிக் இருந்தால் எடுக்கச் சொல்லுங்கள். கடைக்காரர் பழக்கத்தில் அதைப் போட்டே வைத்திருப்பார்.

அடுத்தது பக்கம் திருப்புவது. நால்வரில் ஒருவர் கையை எடுத்தாலும் ஒலியில் கால் பங்கு குறைந்துவிடும். முதல் ஒத்திகைக்கு முன்பே ஒவ்வொரு பார்ட்டையும் பார்த்து, வலது பக்க அடியில் ஓய்வு இருக்கிறதா என்று சரிபார்க்கவும். இல்லாத இடத்தில் மூன்று பக்கங்களை நீளமாக ஒட்டி மடக்கிக்கொள்ளலாம். டேப்பைத் தாளின் பின்பக்கம் ஒட்டவும். முன்பக்கம் ஒட்டினால் விளக்கொளி பட்டுப் பளபளத்து அந்த இடத்து ஸ்வரம் மறையும். ஐபேடும் கால்பெடலும் வைத்திருப்பவர்களுக்கு இந்தத் தொல்லை இல்லை. ஆனால் முழு ஸ்கோரை வைத்தே வாசிக்க முயலாதீர்கள். எழுத்து சிறிது, நாலு வரிக்கு ஒரு முறை பெடல் மிதிக்க வேண்டியிருக்கும்.

இனி உள்ளே இருக்கும் சரக்கு. பெயர்ப் பட்டியலே ஒரு நிலப்படம். அஜர்பைஜானின் ஃபிராங்கிஸ் அலி-ஸாதே, மாலியின் பாலஃபோன் (மரக்கட்டைகளைத் தட்டி வாசிக்கும் வாத்தியம்) கலைஞர் ஃபோதே லஸானா ஜபாத்தே, சீனத் தந்தி வாத்தியமான பிப்பாவின் கலைஞர் வூ மான், கனடாவின் இனுயிட் பழங்குடித் தொண்டைப் பாடகி டான்யா டாகாக், பிலிப் கிளாஸ், டெர்ரி ரைலி, ஸாகிர் ஹுசேன். சென்னையில் பிறந்து இந்துஸ்தானி வயலினில் பெயரெடுத்த கலா ராம்நாத்தும் இருக்கிறார். அத்தை என். ராஜம், தந்தையின் சகோதரர் டி.என். கிருஷ்ணன் என்று வயலினிலேயே வளர்ந்த குடும்பம் அவருடையது. சாரங்கி மேதை ராம் நாராயணின் மகள் அருணா நாராயணும் உண்டு. 'சமகாலம்' என்றால் ஐரோப்பியக் கல்லூரிப் பட்டம் பெற்றவர் எழுதுவது மட்டுமே என்ற பழக்கத்தை இந்தப் பட்டியல் தள்ளிவைத்திருக்கிறது. அதற்காகவே பாராட்ட வேண்டும்.

தொடங்க நல்ல இடம் கிளாஸின் 'குவார்டெட் ஸாட்ஸ்'. விரல் கஷ்டம் குறைவு. கஷ்டம் எல்லாம் நிதானத்தில். ஒரே வடிவம் திரும்பத் திரும்ப வரும்போது மனம் அலையும், லயம் மெல்ல முந்தும். மெட்ரோனோமை ஒவ்வொரு அடிக்கும் தட்ட விடாமல் இரண்டு பாருக்கு (தாளில் செங்குத்துக் கோடுகளுக்கு இடையிலுள்ள கட்டம்) ஒரு தட்டு என்று வைத்துப் பழகுங்கள், முந்துவது எங்கே என்று காட்டிக்கொடுக்கும். இன்னொரு சிக்கல் ஒலிச் சமன். உள்குரலாக இருக்கும் இரண்டாம் வயலினும் வியோலாவும் அசைந்துகொண்டே இருந்தால், மேலே நீளமாக நிற்கும் ஸ்வரத்தை அறியாமலே மூடிவிடுவார்கள்.

ரியானன் கிடன்ஸின் 'அட் த பர்ச்சேஸர்ஸ் ஆப்ஷன்' வேறு வகைக் கனம். அமெரிக்காவில் ஓர் இளம் அடிமைப் பெண்ணை விற்க வந்த விளம்பரம். அவளுக்கு 9 மாதக் குழந்தை இருக்கிறது, வாங்குபவர் விரும்பினால் அதையும் எடுத்துக்கொள்ளலாம் என்பது அதன் வாசகம். தலைப்பு அங்கிருந்து வந்தது. பாட்டாக இருந்ததைக் குவார்டெட்டாக மாற்றும்போது சொல் போய்விடுகிறது, தாளம் மட்டும் நிற்கிறது. கேட்பவருக்கு அந்த விளம்பரத்தைச் சொல்லாமல் வாசித்தால் பாதி படைப்புதான் போய்ச் சேரும். நிகழ்ச்சித்தாளில் நாலு வரி கட்டாயம் போடுங்கள்.

கையருகில் வைத்துப் பார்க்க வேண்டியது கார்த் நாக்ஸின் 'சாட்டிலைட்ஸ்'. நாக்ஸ் 1990-களில் அர்டிட்டி குவார்டெட்டின் வியோலாக்காரர். வாத்தியத்தின் ஒவ்வொரு அங்குலமும் தெரிந்தவர். மூன்று பகுதிகளில் கடைசியான 'டைமென்ஷன்ஸ்' முழுக்க வில்லின் அசைவைப் பற்றியது. ஓரிடத்தில் வில் மேலும் கீழுமாக மட்டும், இன்னோரிடத்தில் தந்தியின் நீளவாக்கில் மட்டும், வேறோரிடத்தில் வட்டமாக. நீளவாக்கில் ஓட்டும்போது வழக்கமான சுருதி வராது, காற்று சீறுவது போல ஒலி வரும். வில்லைக் குறுக்கே இழுத்தே பழகிய மாணவருக்கு அங்கே கை தானாகக் குறுக்கே நழுவும், நடுவில் ஒரு ஸ்வரம் திருட்டுத்தனமாக எட்டிப்பார்க்கும். மணிக்கட்டை நிறுத்தி முழங்கையிலிருந்து அசைத்தால் அது நிற்கும். வட்டத்தில் இதற்கு நேர்மாறு, மணிக்கட்டைத் தளர்த்த வேண்டும். கண்ணாடி முன் பத்து நிமிடம், இடக்கையால் தந்திகளை மூடிக்கொண்டு, ஒலியைக் கேட்காமல் வில் போகும் பாதையை மட்டும் பார்த்துப் பழகுங்கள்.

டாகாக்கின் 'சிவுனிட்டின்னி'யில் தொண்டை உறுமலை வில்லால் கொண்டுவர வேண்டும். வில்லை மிக மெதுவாக, மிகுந்த அழுத்தத்தோடு இழுக்கும்போது தந்தி சீராக ஒட்டி நழுவுவது குலைந்து கரகரக்கிறது. தந்திகளைத் தாங்கும் பாலத்துக்கு அருகே இதற்கு நிறையப் பலம் வேண்டும். விரல்பலகைப் பக்கம் தள்ளினால் குறைந்த அழுத்தத்திலேயே கிடைக்கும். தவறு எங்கே நடக்கும் என்றால், வலது கை அழுத்தும்போது இடது கையும் தோளும் சேர்ந்து இறுகிவிடும். ஐந்து நிமிடத்தில் வலி. வாசித்து முடித்ததும் தந்தியில் படிந்த ரோசினை (வில்லில் தேய்க்கும் பிசின்) உலர்ந்த துணியால் துடைத்துவிட்டு அடுத்த படைப்புக்குப் போங்கள். இல்லாவிட்டால் ஹார்மோனிக்ஸ் (தந்தியை அழுத்தாமல் மெல்லத் தொட்டு எழுப்பும் மெல்லிய உச்ச ஒலி) எதுவும் சுத்தமாக எழாது. நிகழ்ச்சி வரிசை போடும்போதே இதை நினைவில் வைத்தால் நல்லது.

அலெக்ஸாண்ட்ரா விரெபாலோவின் 'மை டெசர்ட், மை ரோஸ்' ஒத்திகைப் பழக்கத்தையே மாற்றும். நால்வருக்கும் வெவ்வேறு வடிவங்கள். நீளம், அளவு, வேகம், ஒலி எதுவும் கட்டிப்போடப்படவில்லை. எப்போது அடுத்ததற்குப் போவது என்பது அவரவர் காதைப் பொறுத்தது. ஆனால் முடிவில் எல்லாரும் ஒரே லயத்தில் வந்து சேர வேண்டும். முதன்முறை வாசிக்கும் குழுக்கள் இரண்டு தப்புகளில் ஒன்றைச் செய்வது வழக்கம். ஒன்று, பயந்துகொண்டு எல்லாரும் முதல் வயலினைப் பின்தொடர்வார்கள், திறந்த வடிவம் மூடிப்போகும். இல்லையென்றால், யாரும் யாரையும் கேட்காமல் தம் தாளை முடிப்பார்கள், கடைசிச் சந்திப்பு விபத்தாகும். மருந்து இது: முதலில் இருவர் இருவராக வாசியுங்கள். பிறகு முடிவுப் பகுதியை மட்டும் தனியாக ஐந்தாறு முறை பழகி, அதற்கு எப்படி வந்து சேர்வது என்று பின்னோக்கிப் போங்கள்.

இந்த நூலகத்தின் பெரிய பலமும் நெருடலும் ஒரே இடத்தில் இருக்கின்றன. 50 பேரில் பலர் மேற்கத்திய ஸ்வரக்குறிப்பில் எழுதிப் பழகியவர்கள் இல்லை. அவர்களுடைய இசையை வேறொருவர் குவார்டெட்டாக எழுதித் தர வேண்டும். ஜேகப் கார்ச்சிக் பெயர் அப்படிப் பல படைப்புகளில் வருகிறது. இந்தியக் கலைஞர்களின் படைப்புகளுக்கு ரீனா எஸ்மெயிலின் கை. இந்த ஏற்பாடு இல்லாவிட்டால் ஜபாத்தேயின் 'சன்ஜாட்டாஸ் டைம்' நமக்குக் கிடைத்திருக்காது. அதில் முதல் நாலு பகுதிகளில் ஒவ்வொரு வாத்தியத்துக்கும் முறை வைத்து முன்னிடம் தரப்படுகிறது. செல்லோக்காரரும் வியோலாக்காரரும் ஆசைப்பட்டு வாசிப்பார்கள். நெருடல் என்னவென்றால், பத்துப் பன்னிரண்டு படைப்புகளைத் தொடர்ந்து வாசித்தால் வெவ்வேறு நாட்டு இசைகளுக்குள்ளே ஒரே தையல்காரரின் வெட்டு தெரியத் தொடங்கும். பிஸிகாட்டோ (வில்லில்லாமல் விரலால் தந்தியைச் சுண்டுவது) எங்கே வரும், செல்லோ எப்படி அடித்தளம் பிடிக்கும் என்று முன்கூட்டியே ஊகிக்கலாம்.

கலா ராம்நாத்தின் 'அம்ரித்'தையும் அருணா நாராயணின் 'மிஸ்ர பீலு'வையும் எடுக்கிறவர்கள் தாளை மட்டும் நம்பக் கூடாது. மீண்ட் என்பது ஒரு ஸ்வரத்திலிருந்து இன்னொன்றுக்குச் சறுக்குவது மட்டுமில்லை. நடுவில் எவ்வளவு நேரம் தங்குகிறது, எங்கே வேகம் பிடிக்கிறது என்பதில்தான் ராகம் இருக்கிறது. ஐந்து கோட்டுக் குறிப்பில் ஒரு சாய்கோடு அதைச் சொல்லாது. ஒலிப்பதிவைப் பாதி வேகத்தில் வைத்து, வாத்தியத்தைத் தொடாமல் முதலில் வாயால் பாடுங்கள். பிறகு வைப்ராட்டோவை முழுதாக நிறுத்திவிட்டு ஒரே விரலால் வாசியுங்கள். மேற்கத்தியப் பயிற்சி பெற்ற கை நின்ற ஸ்வரத்தையெல்லாம் ஆட்டும். அந்த ஆட்டம் மீண்டின் மேல் விழுந்தால் இரண்டும் கலங்கிவிடும். கர்நாடக இசையும் தெரிந்த ஒரு வயலின் மாணவர் குழுவில் இருந்தால் இங்கே அவர்தான் வழிகாட்டி, எந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தாலும்.

'கற்போருக்கானது' என்ற அடையாளத்தை அளவோடு எடுத்துக்கொள்ளுங்கள். 50-இல் பல படைப்புகளுக்கு நன்றாகத் தேறிய கைகள் வேண்டும். லண்டன் டிரினிட்டி கல்லூரி இசைத் தேர்வுகளில் ஐந்தாம், ஆறாம் கிரேடில் இருப்பவர்கள் ஒரு முழுப் படைப்பை எடுப்பதற்குப் பதில் ஒரு பகுதியை எடுப்பதே சரி.

உரிமை பற்றி ஒரு வார்த்தை. தாள் இலவசம் என்பதால் பதிப்புரிமை போய்விட்டது என்று அர்த்தமில்லை. கட்டண நிகழ்ச்சியில் வாசிப்பதும், பதிவுசெய்து இணையத்தில் போடுவதும், வேறு வாத்தியத்துக்கு மாற்றுவதும் தனித்தனி உரிமைகள். பதிவிறக்கும் இடத்திலுள்ள நிபந்தனையைப் படித்து, சந்தேகம் இருந்தால் எழுதிக் கேளுங்கள். நிகழ்ச்சித்தாளில் எழுதியவர் பெயரோடு மாற்றியமைத்தவர் பெயரும், எழுத வைத்தவர் பெயரும் வர வேண்டும்.

இனி, சொந்தமாக ஒருவரை எழுத வைக்க நினைக்கும் குழுக்களுக்கு. க்ரோனோஸின் பண பலம் யாருக்கும் இல்லை, ஆனால் முறையைக் கடன் வாங்கலாம். வழக்கமாக எழுத வைப்பவர் ஓர் ஆண்டுக்கோ இரண்டு ஆண்டுக்கோ 'வேறு யாரும் வாசிக்கக் கூடாது' என்ற தனியுரிமையைக் கேட்பார். இங்கே நோக்கமே நேர்எதிர்: நாலு திசையிலும் எல்லாரும் வாசிக்கட்டும். அந்த ஒரு முடிவிலிருந்து மற்றதெல்லாம் தானாக வருகிறது. தாள் சுத்தமாக இருக்க வேண்டும், குறிப்பு புரிய வேண்டும், ஒலிப்பதிவு வேண்டும். இவை மூன்றுக்கும் பணம் முதலிலேயே ஒதுக்க வேண்டும். சிறு குழுக்கள் சறுக்குவது இங்கேதான். எழுதுபவரின் தொகையை மட்டும் பேசி முடித்துவிட்டு, பார்ட் தயாரிப்பது யார் செலவு என்பதை விட்டுவிடுவார்கள். அரங்கேற்றத்துக்கு ஒரு வாரம் முன்பு, பக்கம் திருப்ப இடமில்லாத, ஒத்திகை எழுத்துகள் ('இங்கிருந்து தொடங்குவோம்' என்று சொல்ல உதவும் ஏ, பி, சி அடையாளங்கள்) கூடப் போடாத பார்ட் வந்து நிற்கும்.

கடிதத்தில் இருக்க வேண்டியவை: வாத்தியங்கள், ஏறத்தாழ எத்தனை நிமிடம், யாருடைய கைக்கு எழுத வேண்டும், மொத்தத் தொகை, அதில் கையெழுத்தன்று எவ்வளவு, ஸ்கோர் வந்ததும் எவ்வளவு. பாதிக்குப் பாதி என்பது பரவலான வழக்கம். ஸ்கோர் தரும் நாளும் பார்ட் தரும் நாளும் தனித்தனியாக வேண்டும். முதல் ஒத்திகைக்கு இரண்டு மாதம் முன்பாவது பார்ட் கையில் இருந்தால் நல்லது. பதிப்புரிமை எழுதியவருடையதே என்று தெளிவாகப் போடுங்கள். மாற்றியமைப்பவர் ஒருவர் இருந்தால் அவருடைய தொகை, பெயர், பங்கு எல்லாம் அதே கடிதத்தில் வர வேண்டும். பாதியில் நின்றால் முன்பணம் என்னாகும் என்பதையும் எழுதுங்கள். கேட்கச் சங்கடமாக இருக்கும், ஆனால் சண்டை வரும்போது அந்த ஒரு வரிதான் இருவரையும் காப்பாற்றும்.

தொகையைவிட முக்கியமான ஒன்று, நடுவழியில் ஒரு சோதனை ஒத்திகை. மூன்றில் ஒரு பங்கு எழுதியானதும் எழுதுபவரை எதிரே உட்கார வைத்து வாசித்துக் காட்டுங்கள். கணினியில் ஒலிக்கும் செல்லோ ஒருபோதும் களைக்காது, எந்த ஹார்மோனிக்ஸும் தவறாது. நிஜத் தந்தியில் வாசிக்கும்போதுதான் 'இந்த இரட்டைத் தந்திப் பிடி என் விரலுக்கு எட்டவில்லை' என்று சொல்ல முடியும். 'இந்த உச்ச ஹார்மோனிக்ஸை பிஸிகாட்டோ முடிந்த அரை விநாடியில் எடுக்க முடியாது' என்பதும் அப்போதுதான் தெரியும். சொல்லும்போது மாற்று வழியோடு சொல்லுங்கள்: இங்கே ஒரு எட்டில் ஒரு பங்கு ஓய்வு கொடுத்தால் வரும், அல்லது அதே ஒலி பக்கத்துத் தந்தியின் பாதியில் கிடைக்கும் என்று. முதல் பக்கத்திலேயே எழுதுபவருக்கு உங்கள் கையின் அளவு தெரிந்துவிட்டால் மீதி இருபது பக்கமும் அதற்கேற்ப வரும்.

யாரிடம் கேட்பது என்று தெரியாதவர்கள் இந்த 50 ஸ்கோரையும் ஒரு மாதம் எடுத்துப் படியுங்கள். பிடித்த மூன்றைக் குறித்துக்கொண்டு, ஏன் பிடித்தது என்று பார் எண்ணோடு எழுதுங்கள். 'உங்கள் இசை எங்களுக்குப் பிடிக்கும்' என்ற கடிதத்துக்கு எழுதுபவரால் செய்யக் கூடியது ஒன்றுமில்லை. '112-ஆவது பாரில் வியோலா தனியாக நிற்கும் அந்த நிதானம் எங்களுக்கு வேண்டும், எட்டு நிமிடம், அடுத்த டிசம்பர்' என்று எழுதினால், அவர் அன்று மாலையே பென்சிலை எடுப்பார்.